உவர்மலை முற்றத்தில் ஜாவாவின் மெழுகு

மெழுகால் கோலம் எழுதி, மெழுகு படாத இடத்தில் மட்டும் சாயம் ஏற்றிய பத்திக் துணியைத் திருகோணமலையில் காணாதவர்கள் இல்லை. அதை உடுத்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள கடை வாசல்களில், யானை வரிசையும் கண்டி நடனக்காரரும் மயிலும் தாமரையும் எழுதிய துணிகள் மே மாதம் முதல் செப்டெம்பர் வரை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் கடைகளுக்குள் நுழைவது அரிது. நுழைந்தாலும் விலையைக் கேட்டுவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு நல்ல கைத்தறிச் சேலை எடுக்கலாம் என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். மனைப்பொருளியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், துணிக்கு மெழுகிட்டுச் சாயம் போடும் முறையைப் பாடப்புத்தகத்தின் அளவில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்தத் துணியைப் பிறப்பு முதல் இறப்பு வரை உடலோடு வைத்திருக்கும் மக்களைச் சந்தித்தது சென்ற ஒக்ரோபரில்தான்.

கொழும்பில் படிக்கும் என் பெறாமகளோடு ஒரே வகுப்பில் மூன்று இந்தோனேசிய மாணவர்கள் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி நடு ஜாவாவின் சோலோ நகரத்தவள். இளைஞன் ஜாவாவின் வடகரையில் உள்ள சிரெபொன் ஊரவன். மற்றவள் சுமாத்திராவின் தோபா ஏரிக்கரையைச் சேர்ந்த பத்தாக் இனப் பெண். ஒக்ரோபர் 2ஆம் திகதியை இந்தோனேசியர்கள் தேசிய பத்திக் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2009இல் அதே நாளில்தான் யுனெஸ்கோ, இந்தோனேசிய பத்திக்கை மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. (அந்த ஒக்ரோபரில் போர் முடிந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன, எங்கள் மாவட்டத்தில் அப்படியொரு செய்தியை வாசிக்கும் மனநிலையில் யார் இருந்திருப்பார்கள்?) கொழும்பில் அந்த நாளைத் தங்கள் நாட்டவரோடு கொண்டாடுவதைவிட, இந்தோனேசியாவைப் பற்றி அதிகம் அறியாத ஓர் ஊரில் கொண்டாட வேண்டும் என்று அவர்கள் விரும்பியதால், பெறாமகள் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

முதல் நாள் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி நடந்தது. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, அதற்குப் பதிலுரை, ஒரு நடனம், படக்காட்சி, நன்றியுரை, சிற்றுண்டி என்று எல்லாம் முறைப்படி நடந்தேறின. வந்தவர்கள் துணிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் எனக்கு அதிக நம்பிக்கை கிடையாது. மேடையில் விரித்துக் காட்டிய துணி, யாரும் தொட்டுப் பார்க்காமலே மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடுகிறது. நல்லவேளையாக, நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது அயல்வீட்டு அக்கா ஒருவர் சோலோப் பெண்ணின் பாவாடைத் துணியின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதே, எப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மேடையில் பதில் இருக்கவில்லை. மறுநாள் காலையில் உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டப்பட்டது.

அக்காவின் கேள்விக்கு உரிய விடை, துணியின் இரு பக்கங்களிலும் மெழுகு எழுதப்படுகிறது என்பதே. ஒரு பக்கத்தில் எழுதி முடித்த கோலத்தைத் துணியைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே தொங்கவிட்டு, மறுபக்கத்திலும் கோட்டின் மேல் கோடாக மீண்டும் எழுதுகிறார்கள். கையால் எழுதப்படும் இந்த வகையை அவர்கள் பத்திக் துலிஸ் என்கிறார்கள். எழுதுகோலின் பெயர் சாந்திங்: மூங்கில் அல்லது மரப்பிடியின் நுனியில் ஒரு சிறிய செப்புக் கிண்ணம், அதன் முன்னே வளைந்த மெல்லிய குழல். உருகிய மெழுகைக் கிண்ணத்தில் அள்ளி, குழலின் வாயை ஒருமுறை ஊதி அடைப்பு நீக்கி, துணியில் பேனா போல ஓட்டுகிறார்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதில்லை. ஒரு மரத்தாங்கியில் தொங்கவிட்டு, இடது உள்ளங்கையைப் பின்னே கொடுத்து எழுதுகிறார்கள். சோலோப் பெண் எழுதும்போது எந்த அவசரமும் இல்லாமல் கோடு நீண்டுகொண்டே போயிற்று. எங்கள் ஆட்கள் எழுதியபோது கோட்டை விடப் பொட்டுகளே அதிகம் விழுந்தன. அதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை, ஜாவாவில் பிள்ளைகள் முதலில் பழகுவதே உள்நிரப்பும் புள்ளிகளைத்தான் என்று சொல்லி, விழுந்த பொட்டுகளைச் சுற்றி இலை வரைந்து கொடுத்தாள்.

காற்றுத்தான் எங்களைப் பெரிதும் சோதித்தது. ஒக்ரோபர் தொடக்கத்தில் கச்சான் காற்று இன்னும் முற்றாக விட்டுப்போயிருக்கவில்லை. அடுப்பிலிருந்து துணிக்குக் கை போவதற்குள் கிண்ணத்தில் இருந்த மெழுகு ஆறிவிடும்; ஆறிய மெழுகு துணியின் மேலே படிந்து நிற்குமே தவிர இழைக்குள் இறங்காது, அப்படியான இடத்தில் சாயம் அடியால் புகுந்துவிடும். அடுப்பைக் கூட்டினால் மெழுகு மிதமிஞ்சி இளகி, கோடு பரந்து கரையும். கடைசியில் முற்றத்தின் காற்றுப் பக்கத்தில் இரண்டு பழைய படங்குகளைக் கட்டி மறைத்த பிறகே கோடு கோடாக விழத் தொடங்கியது.

அவர்கள் கொண்டுவந்திருந்த மெழுகுக்கட்டி, எதிர்பாராமல் கூடிவிட்ட கூட்டத்துக்குப் போதவில்லை. மெழுகுக் கலவையை இங்கேயே ஆக்கலாம் என்று சோலோப் பெண் சொன்னாள். அவளுடைய அம்மம்மா வீடு சோலோவின் லாவெயான் பகுதியில், தலைமுறைகளாகப் பத்திக் வணிகர்கள் வாழும் இடத்தில் இருக்கிறது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமன்ஹுதி என்ற பத்திக் வணிகர் அங்கே உருவாக்கிய வணிகர் சங்கமே பின்னர் சரேகாத் இஸ்லாம் என்ற பெரும் அரசியல் இயக்கமாக வளர்ந்தது. கலவையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு என்று அவள் விளக்கினாள். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பரபின் மெழுகு மலிவானது, ஆனால் விறைத்து வெடிக்கும். பைன் மரப்பிசினும் டாமார் பிசினும் மெழுகைத் துணியோடு இறுகப் பிடிக்கச் செய்யும். பரபினுக்குக் கடையில் மெழுகுதிரிகள் இருந்தன. தேன்மெழுகைத் தேன் விற்பவர் ஒருவரிடம் வாங்கினோம். டாமார் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் யோசித்தபோது, சிரெபொன் இளைஞன் தன் கைபேசியில் காட்டிய பிசினின் படத்தைப் பார்த்ததும் அயல்வீட்டு அக்காவின் கணவர், "இது குங்கிலியமெல்லோ" என்றார். கோயிலிலும் வீட்டிலும் தூபம் போடுகிற, முன்பு வள்ளக்காரர்கள் எண்ணெயோடு காய்ச்சிப் பலகை இடுக்குகளுக்குப் பூசிய அதே குங்கிலியந்தான். நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து தட்டிப் போட்டதும் முற்றம் முழுவதும் வெள்ளிக்கிழமை மாலையின் மணம் பரவிவிட்டது.

சாயம் போட்ட முதல் துணிகளைக் காயவிட்டபோது ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. என்னைப் பொறுத்தவரை அன்றைய நாளின் மிகச் சிறந்த பகுதி அதுவே. எங்கள் கலவையில் பரபின் அதிகமாகிவிட்டதால், துணியைத் தொட்டியில் அமிழ்த்தியபோது மெழுகு வெடித்து, வெடிப்புகளுக்குள் சாயம் இறங்கி, சிலந்தி நூல் போன்ற கோடுகள் எங்கும் ஓடியிருந்தன. அதைக் கண்ட எங்கள் பெண்களுக்குப் பெருமகிழ்ச்சி. உப்புவெளிக் கடைகளில் தொங்கும் துணிகளில் அந்தக் கோடுகள்தானே பத்திக்கின் அடையாளம். சோலோப் பெண்ணின் முகமோ வாடிவிட்டது. அவளுடைய ஊரின் பழைய முறைப்படி வெடிப்பு என்பது கைத்தவறு. அம்மம்மாவிடம் இப்படி ஒரு துணியைக் காட்டினால் வாங்கிப் பிடிதுணியாக்கிவிடுவார் என்றாள்.

இரு தரப்பும் சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இலங்கையின் இன்றைய பத்திக், ஜாவா முறையின் நேர் வாரிசு அல்ல. 1960களில் ஈனா டி சில்வா போன்றவர்கள் இங்கே அதற்குப் புத்துயிர் கொடுத்தபோது, கொடிகளுக்கும் சுவர்த்தொங்கல்களுக்கும் கட்டடங்களுக்கும் ஏற்ற பெரிய உருவங்களையும் துணிவான வண்ணங்களையும் தேர்ந்தார்கள். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரைக்கு ஈனா டி சில்வா செய்த பத்திக் துணிகள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூரிகையால் அகலமாக மெழுகு பூசும் அந்த வழியில் வெடிப்புக் கோடு ஓர் அழகு. ஜாவாவில் அரண்மனைப் பெண்கள் மாதக்கணக்கில் எழுதிய நுண்ணிய கோலங்களுக்கு நடுவே அதே கோடு வந்தால், எழுதியவரின் உழைப்பை அது அழித்துவிடுகிறது. நம்முடைய கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில், ஒரே விலையில் விற்பதுதான் எனக்கு ஒப்புதல் இல்லாதது. 2020இல் பத்திக்குக்கும் கைத்தறிக்கும் என்று ஓர் இராஜாங்க அமைச்சே இந்த நாட்டில் இருந்தது. ஆயினும் கையால் எழுதிய துணி எது, அச்சிட்ட துணி எது என்று பிரித்தறிய வாங்குபவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அன்று முற்றத்தில் இருந்த பெண்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். இயந்திர அச்சுத் துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். செப்பு அச்சால் மெழுகு ஒற்றியதென்றால் கோலம் ஓர் அளவுக்குப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். கையால் எழுதியதில் எந்த இரண்டு பூவும் முழுவதும் ஒன்றாக இராது. செப்பு அச்சு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து விலையைக் குறைத்தது. சாந்திங் பெண்களின் கருவியாகவே இருக்க, கனமான அந்த அச்சு ஆண்களின் கைக்குப் போயிற்று.

கோலங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முற்றத்தில் சத்தம் கூடிவிட்டது. நீள்வட்டங்கள் நான்கு நான்காகக் கூடி நிற்கும் காவுங் என்ற கோலத்தைப் பார்த்ததும் பலரும் நுங்கு என்றார்கள். அது உண்மைக்கு மிக அருகில் உள்ள ஊகம், ஏனெனில் ஜாவாவிலும் அந்தக் கோலத்தை அங்குள்ள ஒரு சர்க்கரைப் பனையின் வெட்டிய காயோடு தொடர்புபடுத்துகிறார்கள். சாய்ந்த வரிகளாக ஓடும் பாராங் கோலம் ஒரு காலத்தில் யோக்யகர்த்தா, சுரகர்த்தா (சோலோவின் மறுபெயர்) அரண்மனைகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது; மற்றவர்கள் அணியக் கூடாது என்று அரசாணையே இருந்தது. இருளில் நட்சத்திரங்கள் சிதறியது போன்ற துருந்தும் கோலத்தை, அரசனின் அன்பு தன்னை விட்டு விலகியிருந்த காலத்தில் 18ஆம் நூற்றாண்டு சுரகர்த்தா அரசி ஒருவர் எழுதியதாகக் கதை உண்டு. திருமணங்களில் மணமக்களின் பெற்றோர் அதை அணிகிறார்கள். மணமக்களுக்கு சிதோமுக்தி. இறப்பு வீட்டுக்கு சுலோபோக் என்ற தனிக் கோலம்.

ஏழாம் மாதத்துக் கர்ப்பிணிக்கு நடக்கும் சடங்கைப் பற்றிச் சோலோப் பெண் சொன்னபோது எல்லாப் பெண்களும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். அன்று அவளுக்கு ஏழு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக உடுத்திக் காட்டுவார்களாம். ஒவ்வொன்றையும் காட்டி, பொருந்துகிறதா என்று கேட்கும்போது, கூடியிருக்கும் பெண்கள் விலையுயர்ந்த துணிகளுக்கெல்லாம் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று மறுத்து, கடைசியாக வரும் எளிய கோடு போட்ட நெசவுத் துணிக்கு மட்டுமே பொருந்துகிறது என்பார்களாம். எங்கள் பக்கத்துச் சடங்குகளில் விலையைச் சபைக்குக் காட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அவரவர் உறவினர் வீட்டு உதாரணங்களை எடுத்துவிட்டார்கள். அவற்றை இங்கே எழுதினால் எனக்கு உறவு மிஞ்சாது.

செமேன் ராமா என்ற கோலம் வந்தபோது நிலைமை கொஞ்சம் கைமீறியது. அதில் கருடனின் சிறகுகளும் மலையும் கொடிகளும் பின்னிக் கிடக்கின்றன. தலையை மூடிய முஸ்லிம் பெண் ஒருத்தி கருடனைத் துணியில் எழுதி உடுத்துவதே எங்கள் ஆட்களுக்கு வியப்பு. கிண்ணியாவிலிருந்து வந்திருந்த இரண்டு முஸ்லிம் ஆசிரியைகளுக்கு அது இன்னும் பெரிய வியப்பு. ஜாவா மக்களுக்கு இராமாயணம் தங்களுடைய முன்னோர் சொத்து, அதற்கும் தங்கள் மார்க்கத்துக்கும் பகை இல்லை என்று சோலோப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். பின்னர், அந்தக் கோலம் அரசனுக்குரிய எட்டு நற்குணங்களைக் குறிக்கிறது, இலங்கையின் முடியை ஏற்கப்போகும் விபீஷணனுக்கு இராமன் சொன்ன அறிவுரை அது என்றும் விளக்கினாள். இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் விபீஷணனின் பெயரை எடுத்தால் என்ன நடக்கும்? "அவர் தமையனைக் காட்டிக் கொடுத்த ஆள், பிள்ளை" என்று அக்கா உடனே எழுந்துவிட்டார். அந்த வழக்கு மதியச் சாப்பாடு வரை போயிற்று. இராமாயணத்தை இப்படியும் கேட்க ஓர் ஊர் இருக்கிறது என்பதைச் சோலோப் பெண் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

பத்தாக் பெண் இதுவரை அதிகம் பேசவில்லை. பத்திக் ஜாவாவின் துணி என்பதையும், அது நாட்டின் துணியாக ஆக்கப்பட்டது பின்னால்தான் என்பதையும் அவள் மெல்லச் சொன்னாள். 1970களில் ஜகார்த்தா ஆளுநராக இருந்த அலி சாதிக்கின், நீளக்கைப் பத்திக் சட்டையை ஆண்களின் சடங்கு உடையாக ஊக்குவித்தார். அதன் பிறகு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அது பரவியது. அவளுடைய மக்களுக்கு உரிய துணி உலோஸ், இடுப்புத் தறியில் பெண்கள் நெய்வது. அதில் மெழுகும் இல்லை, எழுதுகோலும் இல்லை. நூல் நிலையிலேயே நிறமும் கோலமும் தீர்மானிக்கப்படுகின்றன. பல இனங்கள் வாழும் நாட்டில் ஓர் இனத்தின் துணி எல்லோருடைய துணியாகவும் அறிவிக்கப்படும்போது மற்றத் துணிகளுக்கு என்ன நடக்கிறது என்ற அவளுடைய கேள்வியை, இந்த நாட்டில் வாழும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜாவாக்காரர் இருவரும் அதை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

உலோஸ் துணியை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு உறுதியான விதி இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டார் பெண் எடுத்த வீட்டாருக்குப் போர்த்துவார்கள். பெற்றோர் பிள்ளைகளுக்குப் போர்த்துவார்கள். தாய்மாமன் மருமக்களுக்குப் போர்த்துவார். எதிர்த்திசையில் அது போகாது. திருமணத்தில் மணமக்கள் இருவரையும் ஒரே உலோஸால் சுற்றுவதும், ஒருவர் இறந்தால் தாய்மாமன் வழியினர் அவரின் உடலுக்கு உலோஸ் போர்த்துவதும் அந்த விதியின்படியே நடக்கின்றன. அவர்களிடையே தாய்மாமன் மகளே மணமுறைப்படி உகந்தவள். இதைக் கேட்டதும் முற்றத்தில் இருந்தவர்கள் அவளை வெளிநாட்டுக்காரி என்று பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். சாமத்திய வீட்டில் தாய்மாமன் தேங்காய் உடைத்துச் சேலை கொண்டுவருவது முதல், மச்சான் மச்சாள் முறை வரை எல்லாவற்றையும் அவளுக்கு விளக்குவதற்கு நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெறாமகளின் மொழிபெயர்ப்பு அவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மேடைகளில் பொன்னாடை போர்த்துவதைப் பற்றியும் சொன்னார்கள். யாரும் யாருக்கும் போர்த்தலாமா என்று அவள் கேட்டாள். போர்த்தலாம், மறுநாள் அதையே இன்னொருவருக்கும் போர்த்தலாம் என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அவளுடைய ஊருக்கும் நமக்கும் இடையிலான தொடர்பு வெறும் ஒப்புமை அல்ல என்பதற்குக் கல்லிலும் சான்று உண்டு. சுமாத்திராவின் மேற்குக் கரையில், பத்தாக் நாட்டின் கடல்வாயிலாக இருந்த பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. பத்தாக் மக்களின் ஒரு பிரிவான காரோ இனத்தவரிடையே செம்பிரிங் என்ற குலத்தின் கிளைகளுக்கு இன்றும் சோலியா, பண்டியா என்ற பெயர்கள் இருக்கின்றன. அந்த வணிகர்களின் பின்னால் போனவர்கள் துணியைக் கொண்டு போனார்கள். மலுக்குத் தீவுகளின் கராம்பையும் சாதிக்காயையும் வாங்கப் பணத்தைவிடச் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளே நன்றாகச் செல்லுபடியாயின. ஒல்லாந்தக் கம்பனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியதன் பெரிய காரணமும் அதுவே. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய அந்தத் துணிகளின் ஓரங்களில் வரும் கூர்முக்கோண வரிசை, ஜாவாவின் பத்திக் ஓரங்களில் இன்றும் இருக்கிறது. குஜராத்தின் பத்தான் நகரத்துப் பட்டோலாப் பட்டு அங்கே அரசர்களின் உடையாகி, பெக்காலோங்கான் பத்திக் எழுதுபவர்களின் கோலங்களில் இடம்பிடித்தது. பாலித் தீவின் தெங்கானான் கிராமத்தில் நெய்யப்படும் கெரிங்சிங் துணியும், பட்டோலாவைப் போலவே நெடுக்கு நூல், குறுக்கு நூல் இரண்டையும் முன்கூட்டியே முடிச்சிட்டுச் சாயமேற்றி நெய்யப்படுவது. அந்த வித்தை உலகில் வெகுசில இடங்களில்தான் இருக்கிறது.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. ஜாவாவின் மதராம் அரசர் மூன்றாம் அமாங்குராத்தை ஒல்லாந்தர் 1708இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அவரைப் போன்ற அரச குடும்பத்தவர்களோடும், கம்பனியின் படைவீரர்களாகவும் வந்தவர்களின் சந்ததியே இன்றைய இலங்கை மலாயர். பிற்காலத்தில் ஆங்கிலேயரின் மலாய்ப் படைப்பிரிவு திருகோணமலையிலும் நிறுத்தப்பட்டிருந்தது. மாலையில் அந்தச் சமூகத்து முதியவர் ஒருவர் செய்தி கேள்விப்பட்டு வந்தார். அவர் பேசிய மலாயை மாணவர்கள் பாதிக்கு மேல் விளங்கிக்கொண்டார்கள். மீதியில் தமிழ்ச் சாயல் அதிகம் என்று அவர்களுக்குப் பட்டது. தங்கள் வீட்டுப் பெண்கள் சாரமும் கெபாயா என்ற மேற்சட்டையும் உடுத்தது திருமண வீடுகளில் மட்டும், அதுவும் தன் தாயின் காலத்தோடு போய்விட்டது என்றார். சிரெபொன் இளைஞன் தன் ஊரின் மேகக் கோலத் துணி ஒன்றை அவருக்குக் கொடுத்தான். சீன மட்பாண்டங்களிலிருந்தும் பட்டுகளிலிருந்தும் வந்ததாகக் கருதப்படும் அந்த மேகம், நீலத்தின் பல அடுக்குகளால் ஆனது. முதியவர் அதை உடனே இடுப்பில் சுற்றிப் பார்த்து, நீளம் போதும் என்றார்.

மாணவர்கள் திரும்பிப் போன பிறகும் எங்களில் சிலர் விடவில்லை. இரண்டு சாந்திங்குகளை அவர்கள் விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்து எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் இன்னொன்று செய்து தந்தார், குழலின் வாய் சற்றுப் பெரிது, தடித்த கோட்டுக்கு உதவுகிறது. கலவையில் பரபினைக் குறைத்துத் தேன்மெழுகைக் கூட்டியதில் வெடிப்பும் குறைந்துவிட்டது. துணிக்கு வேட்டித் துணியை விட நெருக்கமான பொப்ளின் நன்றாகப் பிடிக்கிறது. வேட்டித் துணியில் மெழுகு பரந்துவிடுகிறது.

இப்போது எங்கள் அக்கறையெல்லாம் சாயத்தில். சோலோவின் புகழ்பெற்ற பழுப்பு நிறத்துக்கு மூன்று மரங்களைச் சேர்ப்பார்கள். முதலாவது இயல்வாகையின் பட்டை. மஞ்சள் பூக்களோடு எங்கள் வீதியோரங்களில் நிழல் தரும் அதே மரம். இரண்டாவது திங்கி என்ற கண்டல் மரத்தின் பட்டை. மூன்றாவது தெகெரான் என்ற முட்கொடியின் மஞ்சள் வைரம். கண்டலை வெட்டுவது இந்த நாட்டில் சட்டப்படி தடை, அது நல்ல தடையும்கூட என்பதால் அதைத் தொடுவதில்லை. மஞ்சளுக்குத் தச்சுப் பட்டறையிலிருந்து பலாமரச் சீவல் வாங்கினோம். இலங்கையில் பிக்குமாரின் சீவரத்துக்கு நிறம் ஏற்றியது இந்தச் சீவலைக் கொண்டுதான், ஜாவாவிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். இயல்வாகைக்கு நின்ற மரத்தை உரிக்காமல், மின்கம்பிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று வெட்டிப் போடும் கிளைகளை எடுத்துக்கொள்கிறோம். சாயத்தைச் சூடாகப் பயன்படுத்தினால் மெழுகு உருகிவிடும் என்பதால், பட்டையை அவித்து, ஆறவிட்டு, துணியை அமிழ்த்தி நிழலில் உலர்த்தி மீண்டும் அமிழ்த்த வேண்டும். சாயம் போதிய அளவு ஏறுவதற்கு இதைப் பலமுறை செய்தாக வேண்டியிருக்கிறது. கடைசியில் சாயத்தை நிலைநிறுத்துவதற்குப் படிகாரம், சுண்ணாம்பு, அன்னபேதி என்று மூன்று வழிகள். மூன்றும் குங்கிலியம் வாங்கிய கடைக்கு அருகிலேயே கிடைத்துவிட்டன. ஒரே சாயத்தில் தோய்த்த மூன்று துண்டுகளில் படிகாரத்தில் இட்டது வெளிறிய மஞ்சட்பழுப்பாகவும், சுண்ணாம்பில் இட்டது செம்மை கலந்ததாகவும், அன்னபேதியில் இட்டது கறுப்பை நெருங்கியதாகவும் வந்திருக்கின்றன. கொதிநீரில் போட்டு மெழுகை நீக்கி, மிதந்து வந்த மெழுகை அடுத்த தடவைக்கு வழித்தெடுத்து வைத்தாயிற்று. துண்டுகளின் படங்களைச் சோலோவுக்கு அனுப்பினேன்; அன்னபேதியைக் குறைக்கும்படியும், அது கூடினால் நாளடைவில் துணி இற்றுப்போகும் என்றும், பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பும்படியும் மறுமொழி வந்திருக்கிறது.